உங்களுக்குத் தெரியுமா? அச்சான செஸ் விடைகளும் கணினிச் சோதனையும்

செஸ் புதிர்ப் புத்தகங்களில் பிழை உண்டு. நல்ல புத்தகங்களிலும் உண்டு, மேதைகள் எழுதியவற்றிலும் உண்டு. "வெள்ளை ஆடி மூன்று நகர்வில் மேட்" என்று போட்டிருக்கும். ஆசிரியர் கவனிக்காத ஒரு சிப்பாய் நகர்வால் கறுப்பு தப்பித்துவிடும். இல்லையென்றால், அச்சான விடையைவிட எளிதான இன்னொரு விடை பக்கத்திலேயே இருக்கும். இந்தப் பிழை பிடிக்கும் வேலையில் கணினி இறங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த வரலாற்றிலிருந்து சில செய்திகள், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கச் சில வழிகள்.

முதலில் புதிர், பிறகுதான் ஆட்டம்

கணினி ஒரு முழு செஸ் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே செஸ் புதிருக்கு விடை சொல்லிவிட்டது. 1951 நவம்பரில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மார்க் 1 கணினியில் டீட்ரிஷ் பிரின்ஸ் என்பவர் தாம் எழுதிய நிரலை ஓட்டினார். முழு ஆட்டத்துக்கு அந்தக் கணினியின் வலு போதாது என்பதால் 'இரண்டு நகர்வில் மேட்' புதிர் ஒன்றைக் கொடுத்தார். காஸ்லிங் கிடையாது, சிப்பாய்க்குப் பதவி உயர்வு கிடையாது என்று விதிகளையும் சுருக்கியிருந்தார். கணினி ஒவ்வொரு நகர்வாகப் போட்டுப் பார்த்து, சுமார் 15 நிமிடத்தில் விடையைச் சொன்னது.

இரண்டு நகர்வு என்றால் எத்தனை நிலைகள்?

ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை: 30-ஐ மூன்று முறை பெருக்கினால் 27,000. மூன்று நகர்வில் மேட் என்றால் ஐந்து முறை பெருக்க வேண்டும். 2 கோடியே 43 லட்சம். இன்றைய மடிக்கணினிக்கு முதலாவது கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாத வேலை. இரண்டாவதும் அதிக நேரம் எடுக்காது.

லாஸ்லோ போல்கார் 1994-இல் வெளியிட்ட தடிமனான தொகுப்பில் 5,334 உருப்படிகள் உண்டு. அவற்றில் இரண்டு நகர்வுப் புதிர்கள் மட்டும் 3,412. அத்தனையையும் ஒன்று விடாமல் சோதிக்க வேண்டுமென்றால் மேற்சொன்ன கணக்குப்படி சுமார் 9 கோடி நிலைகள். ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் கண் தவறும். கணினிக்கு அது சில நிமிட வேலை. நிலைகளைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து உள்ளிடுவதுதான் நமக்கு மிஞ்சும் பாடு.

எதைப் பிழை என்பது?

புதிர் அமைப்பவர்கள் பிழைகளைத் தரம் பிரிக்கிறார்கள். ஆசிரியர் நினைக்காத வேறொரு முதல் நகர்வும் புதிரைத் தீர்த்துவிட்டால் அது 'குக்'. புதிர் அதோடு போச்சு. ஆசிரியரின் விடையைக் கறுப்பு முறியடித்துவிட்டால் 'விடையே இல்லை' என்ற நிலை, அதுவும் போச்சு. முதல் நகர்வு ஒன்றேதான், ஆனால் நடுவில் ஓரிடத்தில் வெள்ளைக்கு இரண்டு வழி திறக்கிறது என்றால் அது 'டூயல்'. சிறிய கிளையில் வந்தால் மன்னிக்கலாம், முக்கிய வழியில் வந்தால் குறை.

புகழ்பெற்ற படைப்புகளிலும் சிறிய டூயல் உண்டு. ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் அமைத்த ராஜா-சிப்பாய் ஆய்வை அறியாத செஸ் ஆசிரியர் இருக்க முடியாது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். ராஜா ஜி7, பிறகு எஃப்6 என்று மூலைவிட்டத்தில் இறங்குவதுதான் விடை. அப்போது கறுப்பு தன் சிப்பாயை எச்3-க்கு ஓட்டினால், ராஜா ஈ6, ஈ7 என்று எங்கு போனாலும் டிரா. இதனால் அந்தப் படைப்பின் அழகு துளியும் குறையவில்லை. டூயல் என்றதும் பதறத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சவேத்ரா: பிழை திருத்தலின் உச்சம்

கணினிக்கு வெகு காலம் முன்பு நடந்த திருத்தம் இது. இதைச் சொல்லாமல் இந்தப் பொருளைப் பேசவே முடியாது.

1895 மே மாதம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். வாரப் பத்திரிகை ஒன்றில் செஸ் பகுதி எழுதிவந்த பார்பியே ஒரு நிலையை வெளியிட்டார். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி7. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. பலகையில் நான்கே காய்கள். "கறுப்பு ஆடி டிரா செய்யும்" என்பது அவர் தந்த விடை. 1875-இல் லண்டனில் ஃபென்டனும் பாட்டரும் ஆடிய ஓர் ஆட்டத்திலிருந்து பிறந்த நிலை அது.

விடை உண்மையிலேயே அழகானது. கறுப்பு யானை டி6-இல் செக் வைக்கிறது, ராஜா பி5. டி5-இல் செக், பி4. டி4-இல் செக், பி3. டி3-இல் செக், சி2. இப்போது யானை அமைதியாக டி4-க்குத் திரும்புகிறது. வெள்ளை ராணி எடுத்தால், யானை சி4-இல் செக் கொடுத்துத் தன்னையே பலியிடும். ராணி அதை வெட்டியதும் மூலையில் நிற்கும் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை. ஸ்டேல்மேட், டிரா.

அந்நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சவேத்ரா ஒரு சாதாரண ஆட்டக்காரர். அவர் கேட்டார்: ராணிக்குப் பதிலாக யானை எடுத்தால்? சி8-இல் யானை! இனி சி4-இல் பலி கொடுத்துப் பயனில்லை, ஏனென்றால் ஸ்டேல்மேட் வராது. ஏ8-இல் மேட் மிரட்டல் வேறு. அதைத் தடுக்க யானை ஏ4-க்கு ஓட வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3. யானைக்கும் ஆபத்து, சி1-இல் மேட்டுக்கும் மிரட்டல். இரண்டையும் கறுப்பால் தடுக்க முடியாது. டிரா என்று அச்சான நிலை வெள்ளைக்கு வெற்றி.

செஸ் உலகம் சவேத்ராவை இன்றுவரை நினைப்பது இந்த ஒரே நகர்வுக்காகத்தான். வீட்டில் பலகை இருந்தால் இந்த நான்கு காய்களையும் வைத்துப் பாருங்கள். நூறு வார்த்தை சொல்லாததை விரல்கள் சொல்லும். இன்று நான்கு காய் நிலைகளுக்குக் கணினியின் தீர்ப்பு முழுமையாகக் கிடைக்கிறது. அதுவும் சவேத்ரா பக்கம்தான்.

பின்னாலிருந்து கணக்குப் போடும் முறை

கணினி அப்படி முழுத் தீர்ப்புச் சொல்வது எப்படி? முதலில் குறிப்பிட்ட காய்களை வைத்து வரக்கூடிய மேட் நிலைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது. அதற்கு ஒரு நகர்வு முன்னால் எந்த நிலைகள், அதற்கும் முன்னால் எவை என்று பின்னோக்கி நடந்து, எல்லா நிலைகளுக்கும் வெற்றி, தோல்வி, டிரா என்று முத்திரை குத்திவிடுகிறது. இந்தப் பட்டியலுக்கு 'டேபிள்பேஸ்' என்று பெயர். 1970-இல் தாமஸ் ஷ்ட்ரோலைன் ஜெர்மனியில் தம் முனைவர் ஆய்வில் இதைச் சில எளிய முடிவாட்டங்களுக்குச் செய்தார். 1980-களில் ஐந்து காய்கள் வரை கொண்டுசென்றவர், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன்.

132 ஆண்டு நம்பிக்கை உடைந்தது

1851-இல் லண்டனில் க்ளிங், ஹார்விட்ஸ் இருவரும் சேர்ந்து செஸ் ஆய்வுகள் நூல் ஒன்றை வெளியிட்டார்கள். இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒற்றைக் குதிரை இருந்தால், குதிரையை பி7 போன்ற கட்டத்தில் நிறுத்தி ராஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கோட்டை உடையாது, டிரா என்று அதில் காட்டியிருந்தார்கள். அதன்பின் வந்த பாடநூல்கள் அதையே சொல்லின. அந்த நம்பிக்கையின் மேல் எத்தனையோ ஆய்வுகளும் எழுந்தன.

1983-இல் தாம்சனின் பட்டியல் வந்தது. பொதுவாக இரண்டு பிஷப் வெல்லும். மிக நீளமான வெற்றிக்கு 66 நகர்வு. கோட்டையை உடைக்க நெடுநேரம் சுற்றி வளைக்க வேண்டும், அது இன்னொரு மூலையில் மறுபடி அமையாமலும் தடுக்க வேண்டும். மனிதர் கண்ணுக்கு அந்த நகர்வுகளில் பொருளே தெரியாது. இந்த ஒரே முடிவால், "டிரா" என்று விடை போட்டிருந்த ஆய்வுகள் சில செல்லாமல் போயின. இரண்டு பிஷப் கையில் இருந்தும் வெற்றி கிடையாது என்ற அனுமானத்தில் கட்டிய பக்கக் கிளைகளும் சரிந்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ராணிக்கு எதிராக இரண்டு பிஷப் போராடும் ஒரு கோட்டை நிலையை இத்தாலியர் லொல்லி 1763-இல் டிரா என்றார். கணினியும் டிரா என்றே சொல்லிவிட்டது. 220 ஆண்டு தாக்குப்பிடித்த கைக்கணக்கு அது.

டிராய்ட்ஸ்கி

ரஷ்ய ஆய்வாளர் அலெக்ஸி டிராய்ட்ஸ்கிக்கு வன அலுவலர் வேலை. இரண்டு குதிரைகளை மட்டும் வைத்து மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எதிராளியிடம் ஒரு சிப்பாய் இருந்தால் பல நேரம் முடியும்! சிப்பாய் எந்தக் கட்டத்தைத் தாண்டாமல் மறிக்கப்பட்டால் வெற்றி உறுதி என்று அவர் ஒரு கோடு வரைந்தார். சில வெற்றிகளுக்கு நூறு நகர்வுக்கு மேல் தேவைப்படும் ஆட்டம் இது. கணினி சோதித்தபோது அந்தக் கோடு வியக்கும் அளவுக்குச் சரியாக இருந்தது. 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் இறந்துபோன அந்த மனிதர் இதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

"எளிய வெற்றி" என்று புத்தகம் சொன்னபோது

யானைக்கு எதிராக ராணி வெல்லும், கஷ்டமில்லை என்பது அன்றைய பாடம். 1970-களின் கடைசியில் கென் தாம்சனின் 'பெல்' கணினி யானையை வைத்துக்கொண்டு, அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை ஆறு முறை வென்றவரான வால்டர் பிரவுனுக்கு எதிராக ஆடியது. ராணி வைத்திருந்த கிராண்ட்மாஸ்டரால் 50 நகர்வுக்குள் முடிக்க முடியவில்லை. புத்தகத்தில் இல்லாத தற்காப்பைக் கணினி ஆடிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து படித்துவிட்டு வந்த பிரவுன், அடுத்த முறை சரியாக ஐம்பதாவது நகர்வில் வென்றார்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

சிஸிஜி என்ற டேபிள்பேஸில் ஐந்து காய் வரையான நிலைகள் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிகாபைட். ஏழு காய்க்கு 17 டெராபைட்டுக்கு மேல். ஒரே ஒரு காய் கூடினால் இவ்வளவு! ஏழு காய் நிலைகளை முதலில் 2012-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லொமனோசவ் மீக்கணினியில் கணக்கிட்டார்கள். அதில் கிடைத்த மிக நீண்ட மேட் 549 நகர்வு.

சி பிளஸ்

புதிர் இதழ்களில் படத்தின் கீழே 'சி பிளஸ்' என்ற சிறு குறி இருந்தால், கணினி அதை முழுமையாகச் சோதித்துவிட்டது, வேறு விடை இல்லை என்று பொருள். குறி இல்லாவிட்டால் பிழை என்று முடிவுகட்டக்கூடாது. சோதிக்க முடியாத அளவுக்கு நீளமான புதிராகவும் இருக்கலாம்.

பரிசு கிடைத்த பிறகும் கேள்வி கேட்கலாம்

புதிர்ப் போட்டிகளில் நடுவர் அறிவிக்கும் பரிசு உடனே உறுதியாவதில்லை. குறிப்பிட்ட காலம்வரை யார் வேண்டுமானாலும் "இதில் குக் இருக்கிறது", "இது முன்பே வந்த கருத்து" என்று எழுதலாம். குற்றச்சாட்டு நின்றால் பரிசு போய்விடும். ஜான் ராய்கிராஃப்ட் 1965-இல் தொடங்கிய 'ஈஜி' இதழில், பழைய ஆய்வுகளின் பிழைகளைப் பேசவே 'ஸ்பாட்லைட்' என்ற தனிப் பகுதி வந்தது. நெதர்லாந்தின் ஹரால்ட் வான் டெர் ஹைடன் திரட்டியிருக்கும் தொகுப்பில் 90,000-க்கு மேற்பட்ட முடிவாட்ட ஆய்வுகள் உள்ளன. பிழை கண்டுபிடிக்கப்பட்டவற்றுக்கு அதில் குறிப்பும் உண்டு. ஒரு கலை தன் குறைகளை இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைத்துக்கொள்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கணினி ஏமாறும் இடங்கள்

இதுவரை படித்துவிட்டுக் கணினி சொன்னால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகம் சரியாக இருந்தும் கணினி "பிழை" என்று சொல்லும் இடங்கள் உண்டு. புதிதாகச் சோதிப்பவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

ஒன்று, காஸ்லிங். புதிர் மரபில், ராஜாவும் யானையும் தத்தம் இடத்தில் இருந்தால், 'முடியாது' என்று நிரூபிக்கப்படும் வரை காஸ்லிங் செய்யலாம். நிலையை உள்ளிடும்போது அந்த அனுமதியைக் குறிக்க மறந்தால், காஸ்லிங்கையே விடையாகக் கொண்ட புதிருக்கு "விடை இல்லை" என்று கணினி சொல்லும். ஆன் பாசான் வெட்டுக்கு மரபு நேர்மாறு. கறுப்பின் கடைசி நகர்வு அந்தச் சிப்பாயின் இரட்டை அடிதான் என்று நிரூபித்தால்தான் முதல் நகர்விலேயே வெட்டலாம்.

இன்னொன்று, 50 நகர்வு விதி. முடிவாட்ட ஆய்வுகளில் இந்த விதி செல்லாது. சிஸிஜி பட்டியலோ இந்த விதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெற்றிதான், ஆனால் விதியால் டிரா என்று சில நிலைகளைத் தனியாகக் குறிக்கும். அதைப் பார்த்து ஆய்வே தவறு என்று எழுதிவிட்டால் தவறு நம்முடையது.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது. ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஆட்ட இயந்திரங்கள் வேகத்துக்காகக் குறுக்குவழிகளைக் கையாள்கின்றன. "என் முறையை விட்டுக்கொடுத்தாலும் நான் நன்றாக இருந்தால், இந்தக் கிளையை ஆழமாகப் பார்க்க வேண்டாம்" என்பது அவற்றில் ஒன்று. நகர்த்தியே ஆகவேண்டும் என்பதாலேயே தோற்கும் 'சுக்ஸ்வாங்' நிலைகளில் இந்த அனுமானம் தலைகீழாகிவிடும். மேட் புதிர்களில் பாதிக்கு உயிரே சுக்ஸ்வாங்தான் என்று சொல்லலாம். இயந்திரங்களில் இதற்குத் தற்காப்பு ஏற்பாடுகள் வந்துவிட்டாலும், புதிர் அமைப்பவர்கள் இன்றும் நம்புவது பொப்பை போன்ற தீர்வு நிரல்களைத்தான். அவை எதையும் தள்ளாமல் எல்லா நகர்வையும் பார்க்கும். பொப்பை இலவசம்.

கோட்டை நிலைகளையும் மறந்துவிடக் கூடாது. 2017-இல் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் ஒரு நிலை வெளியானது. கறுப்புக்குக் காய்கள் ஏராளம். ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. மனிதர் பார்த்ததும் டிரா என்று சொல்லக்கூடிய அந்த நிலையில், இயந்திரங்கள் கறுப்புக்குப் பெரிய வெற்றி என்று மதிப்பெண் போட்டன.

கணினியை அருகில் வைத்து எழுதிய புத்தகங்கள்

1992-இல் பிரிட்டிஷ் கிராண்ட்மாஸ்டர் ஜான் நன், யானையும் சிப்பாயும் எதிர் யானை என்ற முடிவாட்டத்துக்கு டேபிள்பேஸை ஆதாரமாக வைத்து முழு நூல் எழுதினார். பழைய நூல்களின் விடைகள் அதில் உரைகல்லில் உரசப்பட்டன. பின்னாளில் புதிர் தீர்ப்பதில் மூன்று முறை உலகச் சாம்பியன் ஆன அவரால், கணினி சொல்வதை மனிதருக்குப் புரியும்படி எழுத முடிந்தது. 2003-இல் காஸ்பரோவின் 'என் மாபெரும் முன்னோர்' தொடரின் முதல் தொகுதி வந்ததும், வாசகர்கள் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பகுப்பாய்வுப் பிழைகளை அடுக்கினார்கள். முன்னாள் உலகச் சாம்பியன் எழுதியது என்று அவர்கள் தயங்கவில்லை. அதுதான் சரி.

பயிற்சிப் புத்தகங்களில் அளவுகோல் வேறு

ஃப்ரெட் ரைன்ஃபெல்டின் '1001' வரிசை நூல்கள் இரண்டும் 1955-இல் வந்தவை. தலைமுறைகள் அவற்றில் பழகின. கணினி பார்த்தபோது அவற்றில் சில விடைகள் நிற்கவில்லை.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். "வெள்ளை ஆடி வெல்லும்" என்ற பயிற்சிக் கணக்கில் இரண்டு நகர்வும் வென்றால் அது பெரிய பிழையே அல்ல. ஆட்டத்திலும் அப்படித்தான் இருக்கும். அச்சான விடைக்குக் கறுப்பிடம் பதில் இருந்து வெற்றி நழுவினால் அது கடுமையான பிழை. "நான்கில் மேட்" என்று போட்ட இடத்தில் மூன்றில் மேட் இருந்தால், அதைக் கண்டுபிடித்த மாணவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். இணையத்தில் லீசெஸ் போன்ற தளங்களின் புதிர்களை இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது. ஒரே ஒரு நகர்வுதான் வெல்ல வேண்டும் என்று வடிகட்டுகிறது. கடைசி மேட் நகர்வில் மட்டும் எந்த மேட்டையும் ஏற்கும். நல்ல ஏற்பாடு.

சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் மாலை வகுப்புகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இன்று நகலெடுத்த புதிர்த் தாள்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாத தாள்கள். ஒரு பிள்ளை "விடை தப்பு சார்" என்று சொன்னால், பக்கத்தைக் காட்டி அடக்கிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் கணினியில் போட்டுப் பாருங்கள்.

சோதிக்கும்போது

முதல் சந்தேகம் படத்தின் மேல் விழட்டும். காய் ஒரு கட்டம் தள்ளி அச்சாகியிருக்கலாம், ஒரு சிப்பாய் விடுபட்டிருக்கலாம், பலகை தலைகீழாக இருக்கலாம், யார் ஆட வேண்டும் என்பது மாறியிருக்கலாம். விடையில் வரும் நகர்வுகளைப் படத்தில் ஆடிப் பாருங்கள். ஆட முடியாத நகர்வு ஒன்று வந்தால் தவறு அச்சகத்தினுடையது, ஆசிரியருடையதல்ல. பிறகு இயந்திரத்தில் ஒரு வழிக்குப் பதிலாக மூன்று வழிகளைக் காட்டும்படி அமையுங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளிதான் புதிரின் தரத்தைச் சொல்லும். மேட் புதிராக இருந்தால் தீர்வு நிரலில் ஓட்டுங்கள். ஏழு காய்க்குள் இருந்தால் டேபிள்பேஸைக் கேளுங்கள்; இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

பிழை உறுதியானால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தின் பதிப்பு, பக்கம், புதிர் எண், எல்லாக் காய்களும் நிற்கும் கட்டங்கள், விடையை முறியடிக்கும் நகர்வு, எந்த நிரலில் சோதித்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றோடு பதிப்பகத்துக்கோ ஆசிரியருக்கோ எழுதுங்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் திருந்தும்.